பைனி சாகிப் லங்கர்: லூதியானா போகிறவர்கள் ஒரு வேளையாவது இங்கே சாப்பிடுங்கள்

நூல் வியாபாரத்துக்காகத் திருப்பூரிலிருந்து லூதியானா போகும் நம்மவர்கள் வேலை முடிந்ததும் ஓட்டல் அறையிலேயே அடைந்து கிடக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சண்டிகர் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் பைனி சாகிப், சீக்கியரில் ஒரு பிரிவினரான நாம்தாரிகளின் தலைமையிடம். அங்குள்ள லங்கரில், அதாவது பொது உணவுக்கூடத்தில், யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம். காசு கிடையாது.

தரையில் பந்தி. ரொட்டியை இரு கைகளாலும் ஏந்தி வாங்க வேண்டும். கறுப்பு உளுந்து குழைய வெந்த தால், காரம் அடங்கி இஞ்சி மணம் தூக்கலாக இருந்தது. முழுக்கச் சைவம், சுத்தத்தில் துளி குறை சொல்ல முடியாது. பரிமாறிய பெரியவருக்கு வெள்ளை உடை, நெற்றிக்குக் குறுக்கே நேராகக் கட்டிய வெள்ளைத் தலைப்பாகை. கையில் வெள்ளைக் கம்பளி ஜெபமாலை. மணிகளே இல்லை, நூலிலேயே போட்ட 108 முடிச்சுகள். நூலோடு பிழைப்பவன் என்பதால் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு முடிச்சுகூடப் பருமனில் பிசகவில்லை.

இந்த எளிமைக்கெல்லாம் காரணமானவர் ஒரு சிப்பாய். 1816-இல் இதே ஊரில் தச்சர் குடும்பத்தில் பிறந்த ராம் சிங், லாகூர் சீக்கிய அரசின் படையில் சேர்ந்தவர். ஹஸ்ரோ என்ற ஊரில் பாலக் சிங் என்ற குருவைச் சந்தித்தது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. படையை விட்டு ஊர் திரும்பி, 1857 வைசாகித் திருநாளன்று நாம்தாரி இயக்கத்தைத் தொடங்கினார். பெண்சிசுக் கொலை, குழந்தை மணம், வரதட்சணை எல்லாவற்றையும் எதிர்த்தார். ஆங்கிலேயரின் துணி, நீதிமன்றம், தபால் எதுவும் வேண்டாம் என்றார். கடிதங்களைக் கொண்டுசெல்லத் தம் ஆட்களையே வைத்து, ஊர் ஊராகப் பொறுப்பாளர்களையும் நியமித்தார். பட்டாளத்தில் பழகிய ஒழுங்கு அதில் தெரிகிறது.

என்னை அதிகம் அசைத்தது 1863-இல் கோட்டே கிராமத்தில் அவர் நடத்திவைத்த திருமணங்கள். ஆடம்பரம் இல்லை, சீர்வரிசை இல்லை. அதற்கே ஆங்கிலேய அரசு மிரண்டு அவரை பைனியை விட்டு நகரக்கூடாது என்றது. இன்றும் நாம்தாரிகள் பல ஜோடிகளுக்கு ஒரே பந்தலில் எளிமையாக மணம் முடிக்கிறார்கள். கல்யாணக் கடனில் வீட்டை அடகு வைக்கும் நம் ஊரில் இந்த மனிதரை யாருக்குத் தெரியும்? எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

சாப்பிட்டதும் மலேர்கோட்லாவுக்கும் போய்விடுங்கள். 1872 ஜனவரியில் அங்கே ஆங்கிலேயர் நாம்தாரிகளை விசாரணையே இல்லாமல் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். முதல் நாள் மட்டும் 49 பேர். ராம் சிங்கைப் பிடித்து பர்மாவுக்கு நாடுகடத்தினார்கள். அவர் திரும்பவே இல்லை. நினைவிடத்தில் 66 அடி உயரக் கண்டா என்ற இருபுறக் கூர்வாள் நிற்கிறது. அதில் உயிர் நீத்தவர்களுக்காக 66 துளைகள். நான் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் பேசிய வாடகைக் கார் நிறுவனம், மலேர்கோட்லா கணக்கில் சேராது என்று பாதி வழியில் கூடுதல் பணம் கேட்டது. பேசும்போதே இரண்டு இடங்களையும் சொல்லி, மொத்த வாடகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தலையை மூட ஒரு கைக்குட்டை எடுத்துப் போங்கள். பீடி, சிகரெட் பையில்கூட இருக்கக் கூடாது.