ஐஸ் பெட்டி இல்லாமல் கோழித் தடுப்பூசியா? ஏமாந்துவிடாதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கம்பத்துக் கோழி வளர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

தோட்ட வேலையை விட்ட பிறகு எங்கள் வீட்டுக்கு முட்டைக் காசுதான் கைகொடுக்கிறது. 64 பெட்டைகள். சென்ற மாதம் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து, "அண்ணே, கோழி டைபாய்டுக்கு ஊசி. கோழிக்கு இரண்டு வெள்ளி" என்றார். நம்பி 128 வெள்ளி கொடுத்தேன்.

உச்சி வெயில். பையிலிருந்து எடுத்த மருந்துக் குப்பியைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தத் தடுப்பூசியில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள சால்மோனெல்லா கிருமி, அதாவது அந்த நோயை உண்டாக்கும் கிருமி. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கிருமி செத்துப்போன மருந்தைக் கழுத்துத் தோலுக்கடியில் ஏற்றி என்ன பயன்? அதுவும் 64 கோழிகளுக்கும் ஊசியை மாற்றாமல் ஒன்றாலேயே குத்தினார்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. "ஊசி போட்ட அசதி தெரியாது" என்று ஒரு மஞ்சள் பொடியை 35 வெள்ளிக்கு விற்று, அன்றைக்கே குடிதண்ணீரில் கலக்கச் சொன்னார். அது ஆன்டிபயாட்டிக்! இந்த ஊசிக்குச் சில நாள் முன்னும் பின்னும் அதைக் கொடுக்கவே கூடாது என்று பிறகு கால்நடை மருத்துவர் சொன்னார். குப்பியில் ஏதாவது கிருமி உயிரோடு தப்பியிருந்தாலும், அதையும் நானே அந்தப் பொடித் தண்ணீரை ஊற்றிக் கொன்றிருக்கிறேன்.

மூன்றாம் வாரம் கொண்டைகள் வெளுத்தன. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கின. மஞ்சளும் பச்சையுமாகக் கழிச்சல். பத்து நாளில் 23 கோழிகள் போய்விட்டன. செத்த ஒன்றைக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அறுத்துப் பார்த்தபோது ஈரல் வீங்கி, வெண்கலம் பூசியதுபோல் இருந்தது. அது கோழி டைபாய்டின் அடையாளம். பிழைத்தவையும் கிருமியைச் சுமக்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும் என்றார்கள். ஆகவே ஒரு முட்டையைக்கூட அடைவைக்க வழியில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பு.

அவர் ரசீது தரவில்லை, தொலைபேசியும் எடுப்பதில்லை. காலிக் குப்பியை மட்டும் பத்திரமாக வைத்திருந்து, அதோடு புகார் கொடுத்திருக்கிறேன். லிந்தாங் பக்கமும் இப்படி ஊசி போட்டதாகக் கேள்வி. உங்கள் வீட்டில் போட்டிருந்தால் குப்பியைத் தூக்கி எறியாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள்.