34 வயசுல ஜிஇடி எழுதி காலேஜ் சேர்ந்தேன்

பன்னெண்டாவது முடிக்காமலே கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்தவ நான், மனசார சொல்றேன் ஜிஇடி (அமெரிக்கால ஹைஸ்கூல் முடிக்காதவங்க அதுக்குச் சமமா எழுதுற தேர்வு) ரொம்ப நல்ல பரீட்சைங்க. கணக்கு, இங்கிலீஷ், சயின்ஸ், சோஷியல்னு நாலு பேப்பர், தனித்தனியா எழுதலாம், ஒவ்வொண்ணுலயும் 145 எடுத்தா பாஸ், ஒண்ணுல போனா அதை மட்டும் திரும்ப எழுதினா போதும். கணக்குல முதல் அஞ்சு கேள்விக்கு கால்குலேட்டர் கிடையாது, எனக்கு அங்கதான் கை நடுங்கிச்சு, பின்னக் கணக்கை அழிச்சு அழிச்சு ரெண்டு தடவ போட்டேன். முதல்ல 'ஜிஇடி ரெடி'ங்கிற மாதிரித் தேர்வு எழுதிப் பாத்துடுங்க. நான் பணம் கட்டின கோச்சிங் சென்டர்ல பழைய புக்கை வெச்சே ஓட்டினாங்க, அது சுத்த தண்டம். 165 எடுத்தா காலேஜ் ரெடினே மார்க் ஷீட்ல வரும். கிரீன் கார்டு இருந்தா காலேஜ் செலவுக்கு அரசு உதவி கேக்குற ஃபாஃப்சா விண்ணப்பமும் போடலாம். இப்போ கம்யூனிட்டி காலேஜ்ல பயாலஜி கிளாஸ், முதல் வரிசைலதான் உக்காருறேன்.