நடையா, எடையா: ஒரு மழைக்காலக் கணக்கு

எனக்கு சுகர் இருப்பது தெரிந்தது 46 வயதில். "டெய்லி முக்கால் மணி நேரம் நடங்க சார்" என்றார் டாக்டர். நடந்தேன். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இறங்கி, விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் வரை போய், சுற்றி வந்து, சர்க்கரை இல்லாத டீயோடு முடியும் நடை. ஐந்து வருடம் இதற்குமேல் ஒரு உடற்பயிற்சி தேவை என்றே தோன்றவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் நாலைந்து நாள் தண்ணீர், பிறகு சேறு, பிறகு வீடு கழுவும் வேலை, பிறகு மார்கழிப் பனி என்று ஒரு சாக்கு. மொத்தம் மூன்று வாரம் போயிற்று. திரும்ப இறங்கிய அன்று பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. அதே வாரம் கேஸ் சிலிண்டரை வாசற்படி தாண்டித் தூக்கி வைக்க முடியாமல் உருட்டிக்கொண்டு போனேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. ஐந்து வருடம் நடந்த கால் இது! அந்தக் கோபத்தில்தான் டம்பெல் வாங்கினேன். ஆகவே இந்த அலசலில் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எடைப் பயிற்சிப் பக்கம்.

நடையின் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செலவில்லை, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, பேச்சுத்துணையும் கிடைக்கும். இதயத்துக்கு நல்லது என்பதற்கு 1953லேயே லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் கணக்குக் காட்டிவிட்டார்: நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய பஸ் டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. (நம் சென்னைக் கண்டக்டர் சீட்டில் இருந்தபடியே காசைக் கைமாற்றி வாங்குகிறவர். அவரை வைத்து ஆராய்ந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்குமோ.)

எடைக்கும் வழக்கமான காரணங்கள் உண்டு. முப்பதைத் தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, சாதாரண நடை அதைத் தடுப்பதில்லை. சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் பெரிய கிடங்கும் தசைதான். இதெல்லாம் எல்லா ஜிம் வாசலிலும் சொல்வார்கள்.

என்னை மாற்றியது வேறு. விட்டால் எது எவ்வளவு சீக்கிரம் போகிறது, தக்கவைக்க எது எவ்வளவு கேட்கிறது என்ற பராமரிப்புக் கணக்கு. வண்டி வாங்கும்போது மைலேஜோடு சர்வீஸ் செலவையும் கேட்கிறோம் இல்லையா, அது மாதிரி.

மூச்சுத்திறன் சீக்கிரம் இறங்கிவிடும் சரக்கு. 1966ல் அமெரிக்காவின் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். உடல் இழுத்துப் பயன்படுத்தும் அதிகபட்ச ஆக்சிஜன் அளவு, ஜிம்காரர்கள் 'விஓ2 மேக்ஸ்' என்பார்களே, அது சராசரியாக 27 சதவீதம் சரிந்தது. அதே ஐந்து பேரையும் 50 வயதில் கூப்பிட்டுச் சோதித்தார்கள். 30 வருட வயது செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. நான் படுத்துக்கிடக்கவில்லை, வீட்டுக்குள் வாளி தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் என் மூச்சு எங்கே போனது என்பது இதைப் படித்தபோது புரிந்தது.

பலம் அவ்வளவு அவசரமாக ஓடுவதில்லை. வாரம் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சி செய்தவர்களை ஒரே நாளாகக் குறைக்கச் சொல்லி 12 வாரம் பார்த்த 1988 ஆய்வில், சேர்த்த பலம் அப்படியே நின்றது. அடியோடு விட்டவர்கள்தான் சேர்த்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தார்கள். சென்னையில் ஐப்பசியும் கார்த்திகையும் வாக்கிங்குக்கு உத்தரவாதமில்லாத மாதங்கள். சித்திரை, வைகாசியில் ஆறரை மணிக்கே வெயில் முதுகைச் சுடும். ஹாலில் கிடக்கும் டம்பெல்லுக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் அரைமணி நேரம் கிடைத்தாலும் போட்ட முதல் நிற்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கக் கூடாது. முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்த, 1990ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆனால் நிறுத்திய நான்கே வாரத்தில் 32 சதவீதம் குறைந்தும் போனது. வயது ஏற ஏற எடையும் இடைவெளியை மன்னிப்பதில்லை. எனக்கு இப்போது 53. இன்னும் சலுகை இருக்கும் வயது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக நடையை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. சுகர்க்காரர்களுக்கு விட முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. லூசியானாவில் 262 சுகர் நோயாளிகளை வைத்து ஒன்பது மாதம் நடத்தி 2010ல் வெளியிட்ட ஆய்வில், கார்டியோ (நடை, ஓட்டம் மாதிரி மூச்சு வாங்கும் பயிற்சி) மட்டும், எடை மட்டும், இரண்டும் கலந்து என்று குழுக்கள் பிரித்தார்கள். வாரத்துக்குச் செலவிட்ட நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி உருப்படியாக இறங்கியது கலந்து செய்தவர்களுக்கு மட்டும். என் ரிப்போர்ட்டில் 7.6 இருந்தது 6.9 ஆனது. ஆனால் நடுவில் மாத்திரையும் மாறியது, அதனால் பெருமையை முழுக்க டம்பெல்லுக்குக் கொடுக்க மாட்டேன்.

"ரெண்டையும் செய்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும் சார்" என்று ஜிம் தம்பிகள் பயமுறுத்துவார்கள். இந்தப் பேச்சு கிளம்பிய இடம் ராபர்ட் ஹிக்ஸன் 1980ல் வெளியிட்ட ஆய்வு. அதில் வாரம் ஐந்து நாள் எடை, ஆறு நாள் கடும் ஓட்டமும் சைக்கிளும். பலம் ஏழெட்டு வாரத்தில் தேங்கி, பிறகு இறங்கியது. வாரம் பதினொரு செஷன் செய்கிறவர் இதற்குக் கவலைப்படட்டும்.

என் ஏற்பாடு இதுதான்: செவ்வாய், சனி எடை. திங்கள், புதன், வெள்ளி நடை, 40 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். மழையென்றால் அபார்ட்மென்ட் மாடிப்படி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிட மிதமான கார்டியோ, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. கார்டியோவில் 30 நிமிடம் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க நடந்து போய் ஈடுகட்டுவதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

எடையில் பெரிதாக எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழும் பஸ்கி, பிறகு நாற்காலி இல்லாமல். சுவரில் தண்டால், பிறகு தரையில். டம்பெல்லைக் குனிந்து இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது. ஐந்து கிலோ ஜோடியில் ஆரம்பித்து எட்டு மாதத்தில் பத்துக்கு வந்தேன். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் சட்டென்று ஏறும். பிபி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

நீச்சல், சைக்கிள் பற்றிச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. மனைவி யோகா செய்கிறாள். என்னைவிடச் சுலபமாகத் தரையிலிருந்து எழுகிறாள் என்பது வரை தெரியும். நான் கை ஊன்றாமல் எழ ஆறு மாதம் ஆனது. சிலிண்டரை இப்போது தூக்கி வைக்கிறேன், கொஞ்சம் முனகலோடு.

வாங்கப் போகிறவர்கள் டம்பெல்லோடு ஒரு தடித்த ரப்பர் பாயும் வாங்கிவிடுங்கள். எங்கள் ஹாலில் ஒரு டைல்ஸ் போய்விட்டது. கீழ்வீட்டு மாமி இன்னும் என்னிடம் பேசுவதில்லை.