கணினியில் கியூஆர் கோடு காட்டிய பக்கத்தை நம்பி 68,400 ரூபாயை இழந்தோம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கும் சிறு தொழில் எங்களுடையது. ஊரில் எல்லோர் கைபேசியிலும் இருக்கும் அந்தச் செய்திச் செயலியை அலுவலகக் கணினியிலும் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆர்டர், டிசைன், பில் எல்லாம் நடக்கின்றன. அதன் வழியாகவே கடந்த வாரம் 68,400 ரூபாய் போய்விட்டது. ஆத்திரத்தில் கை நடுங்குகிறது என்றாலும், நடந்ததை வரிசையாக எழுதிவிட்டு, தப்பிக்கும் வழிகளைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஹார்டு டிஸ்க் பழுதாகி, கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள். செயலியை மறுபடி இணைப்பதற்காகத் தேடுபொறியில் அதன் பெயரை அடித்து, முதலில் வந்ததைச் சொடுக்கினேன். அது விளம்பரம் என்று பொடி எழுத்தில் இருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். அதே பச்சை நிறம், அதே சின்னம், நடுவில் கியூஆர் கோடு, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம்கூட இருந்தது. கைபேசியைக் காட்டினேன், அது கைரேகை கேட்டது, கட்டைவிரலை வைத்து நானே கதவைத் திறந்துவிட்டேன். புதிய கருவி இணைந்துவிட்டதாகக் கைபேசி சொன்னது, ஆனால் என் கணினித் திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து டீ குடிக்கப் போய்விட்டேன். விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் அதுதான். மோசடிக்காரன் தன் கணினியில் உண்மையான பக்கத்தைத் திறந்து, அதில் வரும் கியூஆர் கோடை அந்தப் போலிப் பக்கத்தில் எனக்குக் காட்டியிருக்கிறான். ஆகவே இணைந்தது அவனுடைய கணினி. திரும்பி வந்து சரியான முகவரியை அடித்தபோது செயலி ஒழுங்காகத் திறந்ததால் நான் மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை. செயலிக்கு ஆறு இலக்க ரகசிய எண் (PIN) வைத்திருக்கிறோமே என்ற தைரியம் வேறு. கருவியை இணைக்கும்போது அந்த எண் கேட்கப்படுவதே இல்லை.

மூன்று நாள் அவன் எங்கள் உரையாடல்களைப் படித்திருக்கிறான். ஒன்பது வருடமாகப் பழகும் ஒரு வாடிக்கையாளருக்கு நான் அனுப்பியிருந்த 68,400 ரூபாய் பில்லைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை என் பெயரிலேயே, “அக்கவுண்டில் சிறிய பிரச்சினைங்ணா, இந்த யுபிஐ ஐடிக்குப் போட்டுவிடுங்க” என்று எழுதியிருக்கிறான். பெயர் வேறாகக் காட்டுகிறதே என்று அவர் கேட்டதற்கு, “மச்சான் அக்கவுண்ட்ங்ணா” என்று பதில். நான் எப்போதும் எழுதும் ‘சரிங்ணா’வைக்கூட அவன் விடவில்லை. பணம் வந்ததும் அந்தச் செய்திகளை என் பக்கத்திலிருந்து அழித்துவிட்டதால் என் கைபேசியில் ஒரு தடயமும் இல்லை. சம்பளம் போட வேண்டிய சனிக்கிழமை காலை நான் பணம் கேட்டு அழைத்தபோது, “வியாழக்கிழமையே போட்டுட்டனேங்க, நீங்க அனுப்புன ஐடிக்குத்தானுங்க போட்டேன்” என்றார். அவர் மேல் என்ன குற்றம் சொல்வது?

அதற்குப் பிறகு நடந்தவைதான் பணம் போனதைவிட வயிற்றெரிச்சல். செயலி நிறுவனத்துக்குப் பேசுவதற்குத் தொலைபேசி எண் கிடைக்கவில்லை. மின்னஞ்சல் அனுப்பினால், கைபேசி தொலைந்தால் என்ன செய்வது என்று விளக்கும் ஆயத்தப் பதில் வருகிறது. விளம்பரத்தைக் காட்டிய தேடுபொறி, கருத்துக்கு நன்றி என்கிறது. வங்கியிலோ, பணம் எங்கள் கணக்கிலிருந்து போகவில்லையாம், அதனால் நான் புகார் கொடுக்க முடியாதாம். வாடிக்கையாளர் தன் வங்கிக்குப் போனால், அவரே ரகசிய எண் போட்டு அனுப்பியது என்று கைவிரிக்கிறார்கள். இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தபோது பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கேட்டார்கள். அதை அவரிடமிருந்து வாங்குவதற்குள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆகிவிட்டது. சரக்கும் போய், 68,400 ரூபாயும் போய், ஒவ்வொரு கவுண்டரிலும் நான் வேறு யாருக்கோ நடந்த நஷ்டத்தைச் சொல்ல வந்தவன் போல நின்றேன்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால் சுருக்கமாகவே முடிக்கிறேன். கணினியில் இந்தச் செயலியைத் தேடித் திறக்காதீர்கள்; முகவரியை நீங்களே அடித்து, புக்மார்க் செய்து வையுங்கள். பூட்டுப் படத்தை நம்ப வேண்டாம், போலிப் பக்கத்துக்கும் அது கிடைக்கும். கோடு ஸ்கேன் ஆகியும் உங்கள் கணினியில் உரையாடல்கள் வரவில்லை என்றால், அந்த நொடியே கைபேசியில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால் அவருடைய பழைய தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே பணம் போடுங்கள். பணம் போய்விட்டால், யார் கணக்கிலிருந்து போனதோ அவரே உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். எங்களைப் போல மூன்று நாள் கழித்து அல்ல.