ஹிஸ்டாரிக் ஹான்சார்ட்: தமிழ் தெரிந்த ஒரு எம்.பி.யைத் தேடிப் பார்த்தால்

பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹான்சார்டை 1803 முதல் 2005 வரை இலவசமாகப் படிக்கத் தரும் இணையத்தளம் இது. தோட்டப்புற வரலாற்றைத் தோண்டும் கோலாலம்பூர், பினாங்கு வாசகர்களுக்கு இதன் உண்மையான பலம் உறுப்பினர் பக்கம். பெயரைச் சொடுக்கினால் தொகுதி, பதவிக்காலம், ஆண்டுவாரியான பேச்சுகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

சோதித்துப் பார்க்கப் பொருத்தமான ஆள் ஜே. டி. ரீஸ். சென்னை மாகாண அரசில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் ரெசிடென்டாகவும் (பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி) பணியாற்றியவர். 1906இல் மான்ட்கொமரி தொகுதியின் லிபரல் எம்.பி. ஆனார். 1910 தொடக்கத்தில் அந்தப் பதவி முடிந்தது. 1912இல் கன்சர்வேடிவ் பக்கம் நின்று கிழக்கு நாட்டிங்ஹாமில் வென்றார். 1922இல் ரயிலிலிருந்து விழுந்து இறக்கும்வரை அத்தொகுதி அவரிடம்தான் இருந்தது. ஆகவே 1911இல் அவர் பேச்சு இல்லாதது தளத்தின் கோளாறல்ல. கட்சி மாறிய கதையைப் பேச்சுப் பட்டியல் சொல்லாது, வேறிடத்தில்தான் பார்க்க வேண்டும். 1906 முதல் 1910 வரை அதே கிழக்கு நாட்டிங்ஹாமின் எம்.பி., 1904 காங்கிரஸ் மாநாட்டின் தலைவர் சர் ஹென்றி காட்டன். இந்தியா பற்றி இருவரும் எதிரெதிர் துருவம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ருசி.

பலர் வழுக்கி விழும் இடம் 1909. அதற்கு முந்தைய ஹான்சார்ட் நூல்களில் பல பேச்சுகள் சுருக்கப்பட்டவை, "அவர் கூறினார்" என்று படர்க்கையில் எழுதப்பட்டவை. அவற்றை மேற்கோள் குறிக்குள் போட்டால் எம்.பி. சொல்லாத வார்த்தையை அவர் வாயில் திணித்ததாகிவிடும். 1909 முதல் அவையின் சொந்தச் செய்தியாளர்கள் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை பதிந்தார்கள்.

'மலாயா' என்று மட்டும் தேடினால் பாதிக்கு மேல் கைநழுவும். பினாங்குக்கு 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ்', சிலாங்கூருக்கு 'ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ்' என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். 'கூலி' (coolie) என்ற ஆங்கிலச் சொல்லையும் விடாதீர்கள். கசப்பான சொல்தான், ஆனால் ஆவணத்தில் இருப்பது அதுவே. மலாயாவில் சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி) முறை 1910இல் நின்றதால் அதற்கு முந்திய சில ஆண்டுகளைக் கவனமாகப் பாருங்கள். தோட்ட நிலைமை பற்றிய கேள்விக்குக் காலனி அமைச்சகமும், சென்னையில் ஆள்சேர்ப்பு பற்றிய கேள்விக்கு இந்திய அமைச்சகமும் பதில் சொல்லும். ஒன்றை மட்டும் பார்த்தால் கதை பாதிதான்.

அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றியதால் பிழைகள் உண்டு. ஊர்ப்பெயர்களும் எண்களும் சிதைந்திருக்கலாம், வாக்கெடுப்புப் பட்டியல்கள் இன்னும் மோசம். ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாமல் இரண்டு மூன்று வடிவங்களில் தேடுங்கள். குறிப்பெடுக்கும்போது தேதி, நூல் (volume) எண்ணோடு பத்தி (column) எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்; ஹான்சார்டில் பக்க எண்ணால் மேற்கோள் காட்டுவதில்லை.