10.4 என்பது 9-ஐ விடச் சின்னதா? கிளினிக் டேட்டாபேஸோடு ஏழு ஆண்டுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக், ஒட்டினாற்போல் சின்ன லேப். இரண்டுக்கும் 2018 முதல் நான்தான் சாஃப்ட்வேர் பார்க்கிறேன். முதல் மூன்று ஆண்டு ஆவண வகை டேட்டாபேஸ் (ஒவ்வொரு பதிவும் தனக்கென்று ஒரு வடிவத்தில் இருக்கலாம்), அதற்கப்புறம் வரிசையும் பத்தியுமாக டேபிள் கட்டி வைக்கும் போஸ்ட்கிரெஸ். இரண்டோடும் குடித்தனம் நடத்தியாயிற்று.

ஆவண வகையை ஏன் எடுத்தேன்? சோம்பேறித்தனம்தான். சர்க்கரைக்கு ஒரே எண், ரத்தக் கொழுப்பு பார்க்கும் லிப்பிட் ப்ரொஃபைலுக்கு ஐந்தாறு எண்கள், யூரின் ரிப்போர்ட்டில் எண்ணோடு 'ட்ரேஸ்' என்ற சொல்லும் வரும். இதற்கெல்லாம் டேபிள் கட்டிக்கொண்டிருப்பானேன், வந்ததை வந்தபடி ஜேசானாக, அதாவது பெயரும் மதிப்பும் ஜோடியாக எழுதும் வடிவத்தில், போட்டுவிடலாம் என்று நினைத்தேன். முதல் வருடம் சொர்க்கம். டாக்டர் காலையில் புது டெஸ்ட் சேர்க்கச் சொன்னால் மாலையில் தயார்.

2021-ல் மாட்டிக்கொண்டேன். "ஹெச்பிஏ1சி 9-க்கு மேல இருக்கறவங்க லிஸ்ட் எடுத்துக் குடுங்க தம்பி, கூப்பிட்டுப் பேசணும்" என்றார் டாக்டர். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் போக்கைச் சொல்லும் டெஸ்ட் அது, 6.5 வந்தாலே சர்க்கரை நோய்க் கணக்கு. ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போன வாரம் 10.4 வந்துச்சே, பண்ருட்டி அம்மா, அவங்க எங்க?" என்றார்.

அந்த அம்மா மட்டுமில்லை, 10-க்கு மேல் இருந்த ஒருவருமே லிஸ்ட்டில் இல்லை.

ரிசல்ட்டெல்லாம் எண்ணாகப் போகாமல் எழுத்தாகப் போய் உட்கார்ந்திருந்தது. நானும் எழுத்தாகவே ஒப்பிட்டுத் தேடியிருந்தேன். அப்படிப் பார்த்தால் 10.4-இன் முதல் எழுத்து 1. அது 9-க்கு முன்னால் வரும். ஆக, யாரை முதலில் கூப்பிட வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு ஒரு லிஸ்ட். தோண்டினால் அதே டெஸ்ட்டுக்கு நான்கு விதமாகப் பெயர், சில ரிசல்ட்டில் சதவீதக் குறியும் ஒட்டிக்கொண்டு. டேட்டாபேஸைக் குறை சொல்ல மாட்டேன். அதிலும் விதி போடலாம்; நான் போடவில்லை. போஸ்ட்கிரெஸிலோ, எது எண், எது எழுத்து என்று சொல்லாமல் டேபிளே உருவாகாது. என்னைப் போன்ற ஆளுக்கு அந்தக் கண்டிப்பு வேண்டியிருந்தது.

மாற்றி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. நோயாளி, வருகை, சாம்பிள், ரிசல்ட் நான்கும் டேபிள். ரிசல்ட்டில் எண்ணுக்குத் தனி இடம், சொல்லுக்குத் தனி இடம், அலகுக்குத் தனி இடம். இதில் அலகு முக்கியம். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் ரிப்போர்ட்டில் குளுக்கோஸ் 7 என்றிருக்கும், பிரான்சிலிருந்து பாண்டிக்கு வந்த மாமா காட்டும் ரிப்போர்ட்டில் 1.26, நம் லேபில் 126. மூன்றும் ஒரே அளவுதான்; முதலாவது லிட்டருக்கு மில்லிமோல், அடுத்தது லிட்டருக்கு கிராம், நம்முடையது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அலகு இல்லாமல் வெறும் எண்ணை வைத்து என்ன செய்வது?

பாதப் பரிசோதனைக் குறிப்பு, சாப்பாட்டு விவரம் போல அடிக்கடி வடிவம் மாறுவதை மட்டும், டேபிளுக்குள்ளேயே ஜேசானை வைக்கவிடும் ஜேசான்பி-யில் விட்டேன். போஸ்ட்கிரெஸில் 2014-லேயே வந்த வசதி. முதலிலேயே கொஞ்சம் படித்திருந்தால் மூன்று வருடம் மிச்சம்.

கண் விழித்திரைப் படங்களையும் ஆரம்பத்தில் டேட்டாபேஸுக்குள்ளேயே திணித்திருந்தேன். பேக்கப் வீங்கிக்கொண்டே போனது. இப்போது படம் டிஸ்கில், அது இருக்கும் இடம் மட்டும் டேபிளில்.

இன்னொரு கோளாறும் நான் செய்ததுதான்: நோயாளிக்கு அடையாளமாகப் போன் நம்பர். நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் ஒரு குடும்பத்தில் மாமியார், மருமகள், பேரன் மூவருக்கும் ஒரே போன். மாமியாருடைய ரிசல்ட் மருமகள் பக்கத்தில் ஏறிவிட்டது. நல்லவேளை, டாக்டருக்கு முகம் ஞாபகம் இருந்தது. இப்போது நாங்களே தரும் வரிசை எண்தான் அடையாளம். அரசின் சுகாதார அடையாளமான 14 இலக்க ஆபா எண் இருந்தால் கூடவே பதிவோம், கட்டாயமில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையேறியபோது கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டது. ரிசல்ட் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் மெஷின் அணைந்தது. மறுபடி போட்டதும் போஸ்ட்கிரெஸ், மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் பதிவேட்டைப் படித்து எழுந்துகொண்டது. எழுதி முடித்ததில் ஒன்றும் தொலையவில்லை. ஆனால் பேக்கப் டிஸ்கும் மெஷின் இருந்த அதே மேஜையடியில் இருந்தது. தென்பெண்ணை வெள்ளச் செய்தியைக் கேட்டதும் முதல் வேலையாக அதை மாடிக்கு ஏற்றினோம். இப்போது ஒரு பிரதி, பூட்டிட்ட ஃபைலாக, பாண்டியில் டாக்டர் வீட்டில்.

பழைய மூன்று ஆண்டு டேட்டாவில் அலகு தெரியாத ரிசல்ட் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. ஊகித்துப் போட மனம் வரவில்லை, தனி டேபிளில் ஒதுக்கிவிட்டேன். டாக்டர் ஓய்வு கிடைக்கும்போது காகித ஃபைலைப் புரட்டி ஒன்றிரண்டைச் சரிபார்த்துத் தருகிறார்.