பெண் பிஷப்: சட்டத்தில் எழுதுவதா, வாக்குறுதியை நம்புவதா?

இங்கிலாந்துத் திருச்சபையில் 1994 முதலே பெண்கள் குருவானவர்கள். பிஷப் ஆவதற்கு 2015 வரை காத்திருந்தார்கள். பெண்கள் வரலாமா கூடாதா என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் இந்தச் சண்டை பாதிதான் புரியும். ஒத்துக்கொள்ளாதவர்களை என்ன செய்வது என்பதில்தான் முடிச்சு விழுந்திருந்தது.

பெண்களைப் பிஷப் ஆக்குவதற்கான 2012 சட்ட வரைவு, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான பாதுகாப்பைச் சட்டத்துக்குள்ளேயே வைத்தது. ஒரு சேகரம் (ஓர் ஊரின் சபை) எழுதிக் கேட்டால், பெண் பிஷப் அங்குள்ள தன் பணியை ஓர் ஆண் பிஷப்பிடம் ஒப்படைக்க வேண்டும். எதிர்த்தவர்களுக்கு அது போதவில்லை: பெண் பிஷப் கொடுத்து வருகிற அதிகாரம் அவருடைய அதிகாரம்தானே? ஆதரித்தவர்களிலும் பலருக்குக் கசப்பு. சட்டத்திலேயே பெண் பிஷப்பை ஒரு படி இறக்கி எழுதுவதா என்றார்கள். திருச்சபையின் சட்டமன்றமான சினட்டில் பிஷப்மார் அவையும் குருமார் அவையும் தாராளமாகத் தாண்டிவிட, சபை மக்கள் அவையில் ஆதரவு 132, எதிர்ப்பு 74. ஒவ்வொரு அவையிலும் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு வாக்கு குறைவு!

2014இல் சட்டத்தைச் சுருக்கி, பாதுகாப்பைப் பிஷப்மாரின் அறிக்கைக்கு மாற்றினார்கள். ஐந்து கோட்பாடுகள், புகார் கேட்கத் தனியாக ஒருவர், அவ்வளவுதான். காகிதத்தில் இது முந்தையதைவிட இளகியது. அப்படியும் அதே அவையில் ஆதரவு 152, எதிர்ப்பு 45. அடுத்த முறை இதுவும் கிடைக்காது என்ற கணக்கு எதிர்த்தவர்களில் சிலருக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். (தென்னிந்தியத் திருச்சபை 2013லேயே நந்தியாலில் ஒரு பெண்ணைப் பிஷப் ஆக்கிவிட்டது.)

சரி, நடைமுறை? 2015 ஜனவரி 26, யார்க் பேராலயம். முதல் பெண் பிஷப்பான லிபி லேன் பதவியேற்கும் அபிஷேகத்தில் ஒருவர் எழுந்து, இது வேதத்தில் இல்லை என்று குரல் எழுப்பினார். யார்க் ஆர்ச்பிஷப் சென்டாமு சம்மதமா என்று மறுபடி கேட்க, கூட்டம் உரக்கச் சம்மதித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பிஷப்மார் சூழ்ந்து, பிஷப் ஆக்கும் சடங்காக அவர்மேல் கைவைத்தார்கள். ஒரே வாரத்தில் அதே இடத்தில், பெண்கள் குருவாவதை ஏற்காத ஃபிலிப் நார்த்துக்குப் பிஷப் அபிஷேகம். கைவைத்தவர்கள் மூன்றே பேர். சென்டாமு அருகிலேயே இருந்தும் கைவைக்கவில்லை.

2012 வரைவு வென்றிருந்தாலும் இரு தரப்புக்கும் நடுவே இந்த இடைவெளி இருந்திருக்கும் என்பார்கள். இருந்திருக்கலாம். ஆனால் 2014 ஏற்பாடு இரு பக்கத்துக்கும் கதவைத் திறந்தே வைத்தது. நார்த் 2023இல் பிளாக்பர்ன் பிஷப் ஆனார். 2025 அக்டோபரில் இங்கிலாந்துத் திருச்சபையின் மிக மூத்த பிஷப்பான கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக சாரா முல்லாலி அறிவிக்கப்பட்டார். அந்த ஐந்தில் முதல் கோட்பாட்டின்படி, அந்தப் பதவிக்குரிய மரியாதையை நார்த் அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.